நிலைப்படி அளவு

வேலூரை ஒட்டிய ஒரு சக்கர நாற்காலிப் பட்டறைக்குள் நுழைந்ததும் மேஸ்திரி என் கையில் ஒரு முன்சக்கரத்தைக் கொடுத்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓடும் நாற்காலியில் இருந்து கழற்றியது. விரலகலத்துக்குக் கெட்டி ரப்பர். "இதை வெச்சிக்கிட்டு எங்க ஏரிக்கரையில நூறடி போயிடுங்க சார், பார்க்கலாம்" என்றார். அவரும் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். சைக்கிள் கடை வைத்திருந்தவர். பனைமரத்திலிருந்து விழுந்ததில் தண்டுவடம் போய்விட்டது.

ஒல்லிச் சக்கரம் மணலில் புதையும். கல்லில் முட்டினால் நாற்காலி அங்கேயே நின்றுவிடும். உட்கார்ந்திருப்பவர் முன்னால் போய் விழுவார். அதனால் இங்கே அகலமான, அமுங்கிக் கொடுக்கும் ரப்பர் சக்கரம் போடுகிறார்கள். இந்த வகைக்கு 'ஜிம்பாப்வே சக்கரம்' என்று பெயர். அந்த நாட்டில் உருவாகி, ரால்ஃப் ஹாட்ச்கிஸ் வழியாகப் பல நாடுகளுக்குப் போனது. அமெரிக்கப் பொறியாளரான ஹாட்ச்கிஸ், 1966-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தவர். 1980-இல் நிகரகுவா போனபோது, ஒரே நாற்காலியை நான்கு இளைஞர்கள் பங்குபோட்டு ஓட்டுவதையும், உடைந்தால் தாங்களே சரிசெய்வதையும் பார்த்தார். அவர்களோடு உட்கார்ந்துதான் அவருடைய வடிவமைப்பு வளர்ந்தது. ஓட்டுகிறவரே செய்கிறவராக இருப்பதன் பலனை இந்தப் பட்டறையில் ஒவ்வொரு மூலையிலும் பார்க்கிறேன்.

மேஸ்திரி அதிக நேரம் பேசியது பின்சக்கர அச்சைப் பற்றி. சைக்கிள் சக்கரத்தை இரண்டு பக்கமும் போர்க் தாங்குகிறது. நாற்காலிச் சக்கரத்துக்கு ஒரு பக்கம்தான் பிடிமானம். சைக்கிள் அச்சையே போட்டால் பள்ளத்தில் நாலு முறை இறங்கியதும் வளைந்துவிடும். ஆகவே தடித்த அச்சு, பம்புசெட் பழுதுபார்க்கும் கடையிலும் கிடைக்கிற பேரிங். டயர், டியூப், ஸ்போக் எல்லாம் சைக்கிளுடையவை. "பஞ்சர் ஒட்டுறவனுக்கும் கோட்டம் எடுக்கிறவனுக்கும் தெரியாத சாமான் ஒண்ணும் இதுல இருக்கக் கூடாது" என்றார். மலிவு என்பதற்கு எனக்கு இதைவிடச் சரியான கணக்கு தெரியாது. முகாமில் இலவசமாகக் கிடைத்து, ஒரு பேரிங் உடைந்ததால் கோழி அடையும் இடமாகிப்போன நாற்காலிகளைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டு மனிதர் மறுபடி கயிற்றுக் கட்டிலுக்குப் போயிருப்பார்.

பக்கத்து அறையில் ஒரு அக்கா மெத்தை தைத்துக்கொண்டிருந்தார். இடுப்பெலும்பு அழுந்தும் இடத்தில் ஸ்பாஞ்சைக் குழித்து வெட்டுகிறார். உணர்ச்சி இல்லாத இடத்தில் புண் வருவது உட்கார்ந்திருப்பவருக்கே தெரியாது. சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. ஆளை அளக்காமல் மெத்தை வெட்டுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2008-ஆம் ஆண்டு வழிகாட்டியும் அளப்பது, பொருத்துவது, ஓட்டப் பழக்குவது, பழுதுபார்ப்பது எல்லாவற்றையும் சேர்த்தே நாற்காலி வழங்குதல் என்கிறது. 1954-இல் விபத்தில் முடங்கிய பிறகும் நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் பணியாற்றிய ஊர் இது. வேலூர் பாகாயத்தில் அவர் முயற்சியால் மறுவாழ்வு மையம் வந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. இங்கே இந்த அக்கறை புதிதல்ல.

முன்சக்கரத்தை முன்னால் தள்ளி வைத்தால் இறக்கத்தில் குப்புறக் கவிழாது. ஆனால் நீளம் கூடிய நாற்காலி அடுப்படியில் திரும்பாது. அமெரிக்காவின் எம்ஐடி-யில் ஆமோஸ் வின்டர் குழு செய்த நெம்புகோல் நாற்காலியும் இந்தச் சிக்கலைச் சந்தித்தது. கோலின் உச்சியைப் பிடித்துத் தள்ளினால் பலம், கீழே பிடித்தால் வேகம்; கோல்களைக் கழற்றினால் வீட்டு நாற்காலி. அருமையான யோசனைதான். ஆனாலும் கிழக்கு ஆப்பிரிக்காவில் கொடுத்துப் பார்த்த முதல் வடிவம் கனமாகவும் அகலமாகவும் இருந்தது. ஓட்டியவர்கள் சொன்ன பிறகுதான் ஒடுக்கினார்கள்.

மறுநாள் ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு பள்ளி மாணவிக்கு நாற்காலி கொடுக்கப் போனோம். கரடான வாசலில் நன்றாக ஓட்டினாள். நிலைப்படியில், சக்கரத்தைத் தள்ளப் பிடிக்கும் கைவளையம் இடித்தது. அப்பா, "நிலையை இடிச்சு அகலமா வெச்சிடறேன் மேஸ்திரி" என்றார்.

"உங்க வீட்டு நிலையை இடிப்பீங்க. பள்ளிக்கூடத்து நிலையை யார் இடிப்பா?"

மேஸ்திரி ஸ்பானர் பெட்டியைத் திறந்தார். வளையத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருந்த புஷ்ஷைக் கழற்றிக் குட்டையானதைப் போட்டார். ஒரு பக்கத்தை அவர் செய்ய, மறுபக்கத்தைப் பெண்ணின் அண்ணனிடம் கொடுத்துச் செய்யச் சொன்னார். அவள் மறுபடி உள்ளே போய், திரும்பி வந்தாள்.

"கை முட்டி உரசுது அண்ணா. இன்னும் அரை அங்குலம் குறைங்க."