எட்டு நாள் கண்டம்

ஸ்காட்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக் கடலில் இருக்கிறது ஹிர்ட்டா தீவு. ஸெயின்ட் கில்டா தீவுகளில் மனிதர் குடியிருந்தது இங்கேதான். கோடையில் படகேறிப் போனால் பிறை போல் வளைந்த ஒரே தெரு, கூரையிழந்த கல் வீடுகள், செங்குத்துப் பாறைகளில் கடற்பறவைக் கூட்டம், எல்லாம் கண்ணுக்கு விருந்துதான். ஆனால் வீடுகளின் பின்னே மதில் சூழ்ந்த இடுகாடு இருக்கிறதே, அங்கே சற்று நில்லுங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இவ்வூரில் பிறந்த சிசுக்களில் பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. கொழுகொழுவென்று பிறக்கும் குழந்தை, நாலைந்து நாளில் பால் குடிப்பதை நிறுத்திவிடும். தாடை இறுகும், உடம்பு விறைக்கும். எட்டாம் நாளுக்குள் முடிந்துவிடும். "ஆண்டவன் சித்தம்" என்று தாய்மார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வேறென்ன செய்வார்கள், பாவம்!

அது ரணஜன்னி. மண்ணிலும் சாணத்திலும் உள்ள கிருமி, அறுத்த தொப்புள்கொடி வழியே ஏறிவிடும். மருத்துவச்சிக்கு அவர்கள் பாஷையில் 'முழங்கால் பெண்' என்று பெயர். ஃபுல்மார் என்ற பறவையின் எண்ணெயை அவள் தொப்புளில் தடவியதே வினை என்பார் உண்டு. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமியை அவள் எங்கே கண்டாள்?

1889-இல் வந்த பாதிரியார் ஆங்கஸ் ஃபிட்டிஸ் சும்மா இருக்கவில்லை. கிளாஸ்கோ சென்று, கிருமிநாசினி கொண்டு பிரசவம் பார்க்கும் முறையைக் கற்று வந்தார். பெண்கள் லேசில் இணங்கவில்லை. ஆயினும் அந்த நூற்றாண்டு முடியுமுன்பே எட்டு நாள் கண்டம் நீங்கியது.

குழந்தைகள் பிழைத்தார்கள், வளர்ந்த இளைஞர்களோ பிழைப்பைத் தேடிக் கப்பலேறினார்கள். 1930 ஆகஸ்ட் 29-ஆம் தேதி, மிஞ்சியிருந்த 36 பேரும் தீவை விட்டுப் புறப்பட்டார்கள்.