வாயு என்று சும்மா இருந்துவிடாதீர்கள்!

திருவண்ணாமலையில் வீடு இருந்தால் பௌர்ணமிக்கு விருந்தாளிகளுக்குக் குறைவே இராது. 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து வருபவர்களுக்கு வெந்நீர் போட்டே எனக்கு விடிந்துவிடும்.

2024 சித்திரா பௌர்ணமிக்கு என் நாத்தனார் வந்திருந்தார். வயது 52. சர்க்கரை உண்டு. சாயங்காலம் கிளம்புகிற நேரத்தில், "தாடை வலிக்குது, முதுகு கனக்குது" என்றார். புடவை நனையும்படி வியர்வை.

"வாயுதான்டி, பெருங்காயம் கரைச்சுக் குடு" என்றார் மாமியார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், மாமியாருக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை கொண்டுவரும் பெண் முன்பே சொல்லியிருந்தாள்: "பொம்பளைங்களுக்கு நெஞ்சு வலிக்காமலே மாரடைப்பு வரலாம்க்கா. தாடை வலி, முதுகு வலி, குமட்டல், மூச்சு வாங்குறதுன்னும் வரும். சர்க்கரை இருந்தா இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும்."

உடனே 108-க்குப் போன் செய்தேன். கூட்டத்தில் வண்டி நுழையுமா என்று பயம், நல்லவேளை, வந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்ததுமே மாரடைப்பு என்றார்கள். மாத்திரைகள் கொடுத்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியும் போட்டார்கள்.

டாக்டர் விளக்கினார்: இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் உட்புறம் கொழுப்பு படிந்து, அங்கே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிறது. அடைப்பு நீங்கும்வரை இதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே இருக்கும். விடியட்டும் என்று காத்திருந்தால் எங்கள் கதி என்ன?

கிராமத்தில் இருப்பவர்களும் கலங்க வேண்டாம். 2023-ல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின் மூன்றையும் முதல் தவணையாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். வீட்டில் நாமாகக் கொடுப்பது கூடாது.

நாத்தனார் தேறிய பிறகு, "உடம்பு நல்லாத்தானே இருக்கு, மாத்திரை எதுக்கு?" என்று ஆரம்பித்தார். நல்லாயிருப்பதே மாத்திரையால்தான் என்று புரியவைக்க அண்ணன், தம்பி எல்லோரும் பேச வேண்டியிருந்தது.

சகோதரிகளே, ரத்தக் கொதிப்பு 140/90-ஐத் தொட்டாலே டாக்டரைப் பாருங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கட்டும். ஊறுகாயும் அப்பளமும் அந்தக் கணக்கில்தான் சேரும். கிரிவலம் வர ஆசைப்படும் இதய நோயாளிகள், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு தினம் கொஞ்சம் நடந்து பழகிய பிறகு வாருங்கள். மலை எங்கும் போய்விடாது!