பஞ்சுக் கொட்டகையில் படித்த காதல் கதைகள்

சித்திரை வெயிலில் கனமான புத்தகம் எதுவும் எனக்கு உள்ளே இறங்காது. வீரபாண்டித் திருவிழாவுக்கு ராட்டினங்கள் வந்திறங்கும் நாட்களில் ரமணிசந்திரனைத்தான் கை தேடும். 150-க்கும் மேல் நாவல்கள் எழுதியிருக்கிறார். எதை எடுத்தாலும் கடைசியில் கல்யாணம்தான் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். தெரிந்த பிறகும் ராத்திரி வெகுநேரம் வரை கீழே வைக்க மனம் வருவதில்லை. இந்தக் கதைகளில் பெண்கள் எதைத் தேடுகிறார்கள் என்பதை நான் சிறுமியாக இருந்தபோதே அம்மாச்சி ஊரான அல்லிநகரத்தில் பார்த்திருக்கிறேன்.

அம்மாச்சி வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. கோடை பிறந்தால் போடி மலையடிவாரத்திலிருந்து இலவங்காய் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து உடைப்பார்கள். ஓடு ஒரு குவியல், கொட்டை ஒரு குவியல், பஞ்சு ஒரு குவியல். எவ்வளவு புழுங்கினாலும் காற்றாடி போட முடியாது, பஞ்சு பறந்துவிடும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டியிருப்பதால் பேச்சும் ஓடாது. அதனால் கதை வாசிக்கும் வேலை எனக்கு வந்தது. வாரப் பத்திரிகைகளில் வந்த லட்சுமி, சிவசங்கரி, இந்துமதி தொடர்கதைகளைச் சின்னம்மா கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருந்தார். பக்க ஓரங்களில் தைல விளம்பரமும் பாதியில் அறுந்த துணுக்குகளும் இருக்கும். மாத நாவல்களும் ஒரு அடுக்கு உண்டு.

கதாநாயகனின் காரும் மாடியும் கூரிய மூக்கும் வரும்போது, "அதத் தாண்டு பிள்ள" என்று ஒரு குரல் வரும். தேயிலைத் தோட்டத்து நிலாவைக்கூடச் சிலர் தாண்டச் சொன்னார்கள். அவர்கள் நிறுத்தச் சொன்ன இடம் வேறு. உறவுக்காரர் வீட்டில் ஒண்டிக்கொண்டு, எது சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்தவள், நான் ஒன்றும் யாருக்கும் குறைந்தவள் இல்லை என்று முதன்முதலாக நினைத்துப் பெட்டியைக் கட்டுகிற பக்கம் அது. அடுத்த அத்தியாயத்தில் அவன் தேடிக்கொண்டு வருவான் என்பது எல்லோருக்கும் தெரியும். அவசரமே இல்லை. "அவன் கெடக்கான், அவ பேசுனத இன்னொரு தடவ படி" என்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் வயதில் மூத்த ஒரு பெண் இருந்தார். பொழுது சாய வியாபாரி வந்து பஞ்சை எடை போடும்போதெல்லாம் அவரை "ஏ கறுப்பி" என்றுதான் கூப்பிடுவார். மற்றவர்களுக்கும் அது பழகிப்போயிருந்தது. ஒருநாள் அப்படி ஒரு பக்கத்தை இரண்டு தடவை வாசிக்க வைத்த பிறகு, எடை போடுகிற நேரம் வந்தது. வியாபாரி வழக்கம்போலக் கூப்பிட்டார். இவர் எழுந்திருக்கவில்லை. முகத்துத் துணியை இறக்கிவிட்டு, தன் முழுப்பேரைச் சொன்னார். "அதச் சொல்லிக் கூப்பிடுங்க, வாரேன்." வியாபாரி சிரித்துப் பார்த்தார். இவர் அசையவில்லை. கடைசியில் அந்தப் பேர் சொல்லித்தான் மூட்டை தராசுக்குப் போனது. கதைதான் அவரைப் பேச வைத்தது என்று நான் சாதிக்க மாட்டேன். அவருக்குள் அது எத்தனையோ வருஷமாக இருந்திருக்கும். ஆனால் இன்னொருத்தி பேசியதை அன்று அவர் காது குளிரக் கேட்டிருந்தார்.

அதே அல்லிநகரத்தில் பிறந்த இயக்குநர் பாரதிராஜாவின் முதல் படம் '16 வயதினிலே' 1977-இல் வந்தது. அதில், உன்னைச் சப்பாணி என்று கூப்பிடுகிறவனை அறைந்துவிடு, உன் பேர் கோபாலகிருஷ்ணன் என்று கதாநாயகி மயில் சப்பாணிக்குச் சொல்லிக்கொடுப்பாள். எனக்கு அந்தப் படத்தின் காதல் காட்சி அதுதான்.

இந்த நாவல்களைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்குத் தீராத சண்டை உண்டு. பத்திரிகையில் கதை எழுதிய பணத்தில் டாக்டருக்குப் படித்தவர் லட்சுமி. 1984-இல் சாகித்ய அகாதெமி விருது பெறுவதற்கு வெகுகாலம் முன்பே வீடுவீடாக அவரைப் பைண்டு பண்ணி வைத்துவிட்டார்கள். 1847-இல் வந்த சார்லட் பிராண்டியின் 'ஜேன் அயர்' நாவலின் கதாநாயகியும் ஏழை, குள்ளம், அழகியும் இல்லை. முதலாளிக்கு முன்னால் நின்று, நானும் உங்களுக்குச் சமம்தான் என்று பேசுகிறாள். இப்படிப்பட்ட கதைகளில் சுபமான முடிவு உறுதி என்பதாலேயே கதாநாயகி படும் அவமானங்களையெல்லாம் பயமில்லாமல் படிக்க முடிகிறது. நீந்தத் தெரியாதவள் முல்லையாற்றில் இடுப்பளவுத் தண்ணீர்வரை தைரியமாக இறங்குவது போலத்தான். துயரத்தில் முடியும் நாவல்களிடம் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஒரு குறை மட்டும் நெஞ்சை உறுத்துகிறது. தங்களைத் தாங்களே ஏற்றுக்கொள்ளும் கதாநாயகிகளில் பெரும்பாலானவர்களை எழுதுகிறவர்கள் சிவப்பாகவே படைக்கிறார்கள். கதாநாயகனின் முரட்டுத்தனமும் பல கதைகளில் காதலாகவே எண்ணப்படுகிறது. கொட்டகையில் கதாநாயகன் வரும் பக்கங்களை ஏன் தாண்டச் சொன்னார்கள் என்று எனக்கு இப்போது நன்றாகவே புரிகிறது.

எனக்கு அல்லிநகரத்தில் நடக்கிற ஒரு கோடைக்காதல் நாவல் வேண்டும். கதாநாயகி கறுப்பு, கடைசி வரை கறுப்பு. அவன் போடியில் ஏலக்காய் ஏலத்தில் கணக்கு எழுதுகிறவனாக இருக்கட்டும், கார் வேண்டாம். பெரியகுளத்து மாம்பழம் வரட்டும், திருவிழாவில் ராட்டினம் சுற்றட்டும், நிறையச் சிரிப்பு இருக்கட்டும். அவள் அவனைக் கட்டிக்கொள்வது கடைசிப் பக்கத்தில் நாலு வரியில் முடிந்தால் போதும். அதற்கு முந்தின அத்தியாயம் முழுவதும் அவள் பேச வேண்டும்.