வாத்தியார் சொன்னதும் நான் சொன்னதும்

செங்கத்துக்குப் பக்கத்தில், ஜவ்வாது மலையடிவாரத்தில் எங்கள் கிராமம். காலனிக்குச் சுடுகாட்டுப் பாதை வேண்டுமென்று ஊர்க் கூட்டத்தில் பேசினேன். மழைக்காலத்தில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு கழனிச் சேற்றில் இறங்க வேண்டியிருக்கிறது என்று சொன்னேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஊர்த்தெருவின் ஓய்வுபெற்ற வாத்தியார் எழுந்து, நான் சொன்னதையே சொன்னார். "நியாயந்தானே" என்று நாலு தலைகள் ஆடின. எனக்கு வந்தது கோபமா சிரிப்பா என்று இன்றுவரை தெரியவில்லை.

அரிஸ்டாட்டிலைப் பிறகுதான் படித்தேன். பேச்சு ஒருவரை இணங்க வைக்க மூன்று வழிகள் என்கிறார்: பேசுபவர் மீதான நம்பிக்கை, கேட்பவரின் உணர்ச்சி, பேச்சிலுள்ள தர்க்கம். இன்றைய தேர்தல் மேடையிலும் விளம்பரத்திலும் ஓடுவது இதுதான். ஆனால் பலரும் தாண்டிப்போகும் ஓர் இடம் உண்டு. அந்த நம்பிக்கை பேச்சிலிருந்தே பிறக்க வேண்டும், ஆளைப் பற்றி முன்பே இருக்கும் எண்ணத்திலிருந்து அல்ல என்கிறார். நம் ஊரில் நேர்மாறு. வாய் திறக்கும் முன்பே மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். (சிலர் இயற்கையிலேயே அடிமைகள் என்று எழுதியவரும் இதே ஆள்தான் தோழர்களே. கிரேக்கர் என்றதும் கும்பிட வேண்டாம்.)

அம்பேத்கர் கும்பிடவில்லை. பிறப்பால் அல்ல, குணத்தால் நால்வருணம் என்று ஆரிய சமாஜத்தார் வாதிட்டார்கள். அதை மறுக்க அவர் பிளேட்டோவை இழுத்து வருகிறார். பிளேட்டோ மனிதரை மூன்று வகையாகப் பிரித்தார். ஒவ்வொரு மனிதரும் தனித்தனி, இப்படி விரல்விட்டு எண்ணும் பெட்டிகளுக்குள் யாரையும் அடைக்க முடியாது என்று அந்தப் பிரிவினையை உடைக்கிறார். பிளேட்டோவோடு நால்வருணமும் சேர்ந்து விழுகிறது. 1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதிய உரை அது. அழைத்தவர்களே சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். அவர் மறுத்தார், மாநாடு நடக்கவில்லை. சொந்தச் செலவில் அச்சிட்டார். மேடை மறுக்கப்பட்ட அந்தப் பேச்சுதான் ‘சாதி ஒழிப்பு’.

அதைப் படித்த பிறகு கூட்டத்தில் நியாயம் கேட்பதை விட்டேன். கிராம வரைபடத்தின் நகலை வாங்கிக்கொண்டு தாலுகா அலுவலகம் போனோம். பேசியது நானல்ல, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த எங்கள் தெருப் பெண். வரைபடத்தில் வண்டிப்பாதை என்றிருந்த கோட்டின் மேல் விரலை வைத்து, "சார், இது இப்ப யார் கழனியில இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். எந்தத் தெரு என்று அவளை யாரும் கேட்கவில்லை. சர்வேயர் குனிந்து அந்தக் கோட்டைத்தான் பார்த்தார்.

பாதை இன்னும் வரவில்லை. அளக்க நாள் குறித்திருக்கிறார்கள்.