வீட்டுக்கென்று ஒரு கணக்கு

மாதந்தோறும் இருபதாந் திகதி இரவு எங்கள் வீட்டிலே ஒரு சிறு சபை கூடும். உண்டு முடித்துப் பாத்திரங்களைக் கழுவி அடுக்கிய பின்னர், மேசையின் ஒரு பக்கத்தில் நானும் மறுபக்கத்தில் என் மனைவியும் அமர்வோம். நடுவிலே இரண்டு வங்கிப் புத்தகங்களும் ஒரு கொப்பியும் கிடக்கும். மகள் தன் பாடத்தை மூடிவைத்துவிட்டு வந்து கணக்கப்பிள்ளையாக அமர்வாள். அரை மணி நேரத்துள் காரியம் முடிந்துவிடும். எவருடைய குரலும் உயர்வதில்லை.

2022ஆம் ஆண்டிலே இதே மேசையில் குரல் உயர்ந்தது. உயர்த்தியவன் நானே. அந்தக் கதையைச் சற்று வெட்கத்துடன்தான் எழுதுகிறேன். வாசகர் ஒருவருக்கேனும் பயன்படுமாயின் அந்த வெட்கம் வீண்போகாது.

அந்த ஆண்டை இலங்கையில் எவரும் எளிதில் மறவார். ஏப்ரல் 12ஆந் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தி வைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. எரிவாயுவுக்கு ஒரு வரிசை, பெற்றோலுக்கு ஒரு வரிசை, பால்மாவுக்கு ஒரு வரிசையென்று திருகோணமலைப் பட்டினமே தெருவில் நின்றது. ஆசிரியனாகிய எனக்குச் சம்பளம் மட்டும் முன்போலவே இருபதாந் திகதி வந்தது. அடுத்த மாதம் பத்தாந் திகதிக்குமுன் போய்விட்டது. எங்கே போகிறது? சமையலறை வழியாகத்தான் போகிறது என்று நான் தீர்மானித்துக்கொண்டேன். என்னைப்போன்ற ஆண்மக்களுக்கு அத்தீர்மானம் மிகச் சௌகரியமானது.

ஜூலை மாதத்தில் வங்கிக்குச் சென்று வீட்டுச் செலவுக்கென்றே இரண்டாவது கணக்கொன்றைத் திறந்தேன். சம்பளம் வந்த அன்றே 40,000 ரூபா அதற்கு மாறும்படி எழுதிக் கொடுத்தேன். அதற்குரிய அட்டையை மனைவியின் கையில் வைத்து, “இதுக்குள்ளே மாதத்தை ஓட்ட வேணும்” என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்.

இந்த யோசனை என் மூளையில் உதித்ததன்று. என் அப்பாச்சியிடமிருந்து வந்தது. அப்பப்பா இந்தத் துறைமுகத்திலே பிரித்தானியக் கடற்படையின் பட்டறையில் வேலை செய்தவர். சம்பள நாளன்று அவரும் அப்பாச்சியும் திண்ணையில் அமர்ந்து, காசைத் தகரப் பேணிகளிற் பங்கிடுவார்களாம். அரிசிக்கு ஒன்று, பிள்ளைகளின் படிப்புக்கு ஒன்று, கோணேசர் கோயில் திருவிழாவுக்கு ஒன்று. மாத முடிவிலே பேணிகளில் எஞ்சியது தபாற்கந்தோர்ச் சேமிப்புப் புத்தகத்துக்குப் போகும். அந்தச் சேமிப்பு வங்கி 1885ஆம் ஆண்டு தொடங்கியது. 1972இல் தேசிய சேமிப்பு வங்கி உருவானபோது அதனுடன் இணைந்தது.

1957ஆம் ஆண்டு ஒக்டோபரிற் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கையளித்துவிட்டுச் சென்றனர். தளத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பல திகைத்து நின்றன. அப்பப்பாவின் வேலையும் போயிற்று. அடுத்த பதினொரு மாதமும் எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது அந்தச் சேமிப்புப் புத்தகத்தினால்தான் என்று என் தகப்பனார் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அப்பாச்சி பேணிகளிற் செய்ததை அமெரிக்கப் பொருளியலாளர் றிச்சட் தேலர் பிற்காலத்தில் ஆராய்ந்து விளக்கினார். 2017ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். ஒரு ரூபா எந்தப் பையிலிருந்தாலும் ஒரு ரூபாதான் என்பது ஏட்டுக் கணக்கு. மனிதன் அவ்வாறு நினைப்பதில்லை. இது அரிசிக்காசு, இது திருவிழாக்காசு என்று மனத்துக்குள்ளே பெயர் சூட்டிப் பிரித்து வைக்கிறான். பெயர் சூட்டிய காசில் வேறு காரியத்துக்குக் கைவைக்க அவன் மனம் கூசும். தனிக் கணக்கின் பலமெல்லாம் அந்தக் கூச்சத்திலேதான் இருக்கிறது.

ஆனால், அப்பாச்சியின் பேணிகளுக்கும் என் ஏற்பாட்டுக்கும் ஒரு பெரிய வேற்றுமை இருந்தது. பேணிகளை இருவரும் கூடியிருந்து நிரப்பினார்கள். நானோ தனியே தொகையை நிர்ணயித்துத் தனியே கட்டளையிட்டேன். அத்தொகையும் முந்திய ஆண்டின் விலைகளை நினைவில் வைத்துப் போட்ட தொகை. ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே தாவலில் ஏறிற்று. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 என்றானது. அதாவது, ஓராண்டுக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறக்குறைய 195 ரூபா வேண்டும். என் கட்டளையிலோ 40,000 அப்படியே நின்றது. எண் மாறவில்லை, அந்த எண்ணுக்குக் கிடைக்கும் அரிசி பாதியாகிவிட்டது. பொருளியல் கற்பிக்கும் நண்பர்களுடன் இவற்றையெல்லாம் ஓய்வறையில் விவாதித்த நான், என் வீட்டு மேசையில் மறந்துவிட்டேன்.

ஒக்டோபர் எட்டாந் திகதி வீட்டுக் கணக்கு வெறுமையாயிற்று.

“சம்பளத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் கிடக்கு. அதுக்குள்ளே எப்படி முடிஞ்சுது? நீர் என்னதான் செய்யிறீர்?” என்று இரைந்தேன்.

“நான் சொன்னால் நம்பமாட்டீங்கள். கொப்பியைப் பாருங்கோ” என்று சொல்லிவிட்டு அவர் அடுக்களைக்குள் போய்விட்டார்.

கொப்பியிலே நாள்தோறும் எழுதிய கணக்கு இருந்தது. கால் கிலோ பருப்பு, நூறு கிராம் மிளகாய்த் தூள், மீன் விலை ஏறிய நாட்களிற் சூடைக் கருவாடு. ஒரு வரியும் விடுபடவில்லை. மகள் அப்பொழுது சாதாரண தர வகுப்பில் வணிகக் கல்வியும் கணக்கீடும் என்ற பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். “ரெண்டு பக்கத்தையும் எழுதினால்தான் அப்பா கணக்குச் சரிவரும். உங்கடை பக்கத்தையும் சொல்லுங்கோ” என்றாள். சொன்னேன். கைக்கு வந்த சம்பளம் 58,000. வீட்டுக்கு 40,000. என்னிடம் நின்றது 18,000. அதிலே பெற்றோல் 5,000. மின்சாரமும் தண்ணீரும் 4,000. மிச்சம் 9,000 ரூபாவுக்கு எனக்குக் கணக்குச் சொல்லத் தெரியவில்லை. கைத்தொலைபேசி, சிற்றுண்டிச்சாலைத் தேநீர், கலியாண வீட்டு மொய், நண்பருக்குக் கைமாற்று என்று தடுமாறினேன். அவள் எல்லாவற்றையும் கூட்டிப் ‘பல்வகைச் செலவு’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, “எங்கடை வீட்டிலை அரிசிக்கு அடுத்த பெரிய செலவு இதுதான் அப்பா” என்றாள். அவள் கேலி செய்யவில்லை, பாடத்தைத்தான் சொன்னாள்.

கதை அத்துடன் முடியவில்லை. வீட்டுக் கணக்குப் புத்தகத்தை எடுத்துப் புரட்டியபோது அதன் உறைக்குள்ளிருந்து மடித்த துண்டொன்று விழுந்தது. அஃது அடகுச் சீட்டு. ஓகஸ்ட் மாதத்தில் 32,000 ரூபாவுக்குத் தன் சங்கிலியை அடகு வைத்திருந்தார். மகளின் ரியூசன் காசு, எரிவாயு, ஒரு மூடை அரிசி ஆகியவற்றுக்கு அப்பணம் போயிருந்தது. அயலவருக்குச் சட்டை தைத்து அவர் சம்பாதித்த சிறு தொகையும் மூன்று மாதமாக அடுப்பிலேயே எரிந்திருந்தது.

“ஏன் எனக்குச் சொல்லவில்லை?”

“இதுக்குள்ளே ஓட்ட வேணும் எண்டு சொன்னீங்கள். ஓட்டினனான்.”

இதைவிடக் கடுமையான சொல்லை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை. அவர் குரலிற் கோபம் சிறிதும் இல்லாமையே அதன் கடுமை.

அப்பப்பா சொல்லும் வார்த்தையொன்று என் தகப்பனார் வழியாக எனக்கு வந்திருக்கிறது. பெரிய கப்பலின் அடிப்பாகத்தை நீர் புகாத அறைகளாகப் பிரித்திருப்பார்கள். ஓர் அறையில் ஓட்டை விழுந்தாலும் கப்பல் மிதக்கும். “ஆனால் எந்த அறையிலே தண்ணி ஏறுது எண்டு ஆள் போய்ப் பார்க்க வேணும்” என்பாராம். நான் அறையைக் கட்டினேன். ஒழுகாத அறையைக் காவல் காத்தேன். ஒழுகிய அறையிலே நானே உட்கார்ந்திருந்தேன்.

அன்றிரவு புதிதாகப் பங்கிட்டோம். வீட்டுக் கணக்கை இருவர் பெயரிலும் மாற்றினோம். அதற்கு 43,000 ரூபா. பெற்றோலுக்கும் மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் 9,000. சங்கிலியை மீட்க 3,000. எஞ்சிய 3,000 ரூபாவில் ஆளுக்கு 1,500 கைச்செலவு. கைச்செலவுக்கு ஒருவரையொருவர் கணக்குக் கேட்பதில்லை. மனைவியின் தையற்காசு அவர் பெயரிலுள்ள புத்தகத்தில் அவருடையதாகவே இருக்கும்.

இம்முறையைக் கைக்கொள்ள விரும்புவோருக்கு அனுபவத்திற் கண்ட சிலவற்றைச் சொல்லலாம். தொகையை நிர்ணயிக்குமுன் மூன்று மாதம் உள்ளபடி செலவெழுத வேண்டும். ஊகத்தாற் போட்ட தொகை வீட்டிலே பொய்யைத்தான் வளர்க்கும். பணம் சம்பள நாளன்றே பிரிய வேண்டும். மாத முடிவில் மிஞ்சியதைப் பிரிப்போம் என்றால் எதுவும் மிஞ்சாது. பள்ளித் தவணைச் செலவு, தீபாவளி, திருவிழா ஆகியவை திடீரென வருவன அல்ல. ஆண்டுச் செலவைக் கூட்டிப் பன்னிரண்டாற் பிரித்து மாதந்தோறும் ஒதுக்க வேண்டும். விலை ஏறும்போது தொகையையும் திருத்த வேண்டும். இவையெல்லாவற்றிலும் முக்கியமானது, இரு கணக்குகளும் இருவர் கண்ணுக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதே.

மாதச் சம்பளம் இல்லாதவர் என் செய்வர்? திருக்கடலூரில் எனக்குத் தெரிந்த தாயொருவர் கடற்றொழிற் குடும்பத்தவர். கடல் தந்த நாளிலே, மீன் விற்ற காசிலிருந்து ஒரு பங்கை வீட்டுக்குள் கொண்டுவருமுன்பே ஒதுக்கிவிடுவார். மார்கழி வாடையிற் படகுகள் கரையேறிக் கிடக்கும் நாட்களுக்கு அதுவே சோறு. நாள் வருமானத்துக்குத் தொகை பொருந்தாது. பங்குதான் பொருந்தும் என்பதை அவரிடம் கற்றேன்.

கணக்கைப் பிரிப்பதனால் ஒரு ரூபாவும் கூடிவிடுவதில்லை. போதாத சம்பளம் போதாததாகவே இருக்கும். ஆனால் போதாமையை இருவர் சேர்ந்து பார்க்கும்போது அது பகையாக மாறுவதில்லை. வீட்டுக் கணக்கு மனைவியை அடக்கும் கடிவாளமாயின் அஃது அடகுச் சீட்டிலே முடியும். இதற்கு நானே சாட்சி.

2024ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு முந்திய வாரத்திலே, பதினான்கு மாதச் சேமிப்பைக் கொண்டுபோய்ச் சங்கிலியை மீட்டோம். வீட்டுக்கு வந்ததும் மகள் கொப்பியைத் திறந்து, 3,000 ரூபாவை இனி எந்த வரியில் எழுதுவது என்று கேட்டாள். நான் மனைவியைப் பார்த்தேன். அவர் சிறிது யோசித்துவிட்டு, “ரெண்டு பேரும் கதைச்சு இருபதாந் திகதி சொல்லுறம்” என்றார்.