சின்னவன் காரும் என் காதும்

எனக்குக் காது பாதிதான் கேட்கும். பொன்மலை டீசல் ஷெட்டில் 32 வருஷம் வேலை பார்த்ததில் வந்த சம்பாத்தியம் அது. காதுக்கு அடைப்பான் கொடுத்தார்கள். நாங்கள்தான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தோம். டாக்டர் ஒரு கோட்டுப் படம் காட்டி விளக்கினார். கீச்சென்ற ஓசைகள் போய்விட்டன, கனத்த ஓசைகள் மிச்சம் இருக்கின்றன என்றார். அதனால் குக்கர் விசில் எனக்குக் கேட்பதில்லை, பேத்தி போனில் பேசினால் பாதி புரிவதில்லை. ஆனால் காட்டாங்குளத்தூர் ஸ்டேஷனைத் தாண்டுகிற கூட்ஸ் வண்டியின் தடதடப்பு மட்டும் வீட்டுக்குள் இருந்தாலும் நெஞ்சில் வந்து விழும்.

எங்கள் சின்னவன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். ஒரு வாரம் முதல் ஷிப்ட், மறுவாரம் இரண்டாம் ஷிப்ட். 2023-இல் பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐ ஒன்று வாங்கினான். ஒரு லிட்டர், மூன்றே சிலிண்டர், ஆனால் டர்போ உண்டு. 110 குதிரைச் சக்தி. வாங்கி ஆறு மாதத்துக்குள் எக்ஸாஸ்ட்டை மாற்ற வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டான். அவன் அம்மா, "நல்லா ஓடுற வண்டியை ஏன்டா நோண்டுற?" என்றாள். அவன் என்னைப் பார்த்தான். டர்போ என்று சொன்னால் அப்பா மடங்கிவிடுவார் என்று அவனுக்குத் தெரியும்.

தெரிந்ததுதான் வம்பு. எங்கள் ஒய்டிஎம்-4 மீட்டர்கேஜ் இன்ஜினிலும் டர்போ உண்டு. இன்ஜின் கக்குகிற சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி சிலிண்டருக்குள் அனுப்பும். வீணாய்ப் போகிற புகையிடமிருந்து வேலை வாங்கும் இந்த யோசனைக்கு ஆல்ஃபிரட் பியூஷி என்ற சுவிஸ்காரர் 1905-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஷெட்டில் இன்ஜினை நிறுத்தியதும் யாரும் பேசக் கூடாது. டர்போ தானாகச் சுற்றி ஓய எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு கேட்போம். ஒன்றரை நிமிஷத்துக்கு முன்பே அடங்கிவிட்டால் பேரிங் மேல் சந்தேகம். அந்த ஓசையைக் கேட்கத்தான் எனக்குச் சம்பளம் என்றுகூடச் சொல்லலாம்.

சின்னவன் சொன்ன கணக்கிலும் தப்பில்லை. டர்போ சக்கரத்தைத் தாண்டிய புகை எவ்வளவு சுலபமாக வெளியேறுகிறதோ அவ்வளவு சீக்கிரம் சக்கரம் வேகம் எடுக்கும். நீர்மின் நிலையத்தில் சக்கரத்தைச் சுற்றிவிட்ட தண்ணீர் வடிந்து போக வழி வேண்டாமா, அது போல. காரில் அந்த இடத்தில் இருப்பது டவுன்பைப் என்கிற குழாய். அதில்தான் கேட்டலிடிக் கன்வர்ட்டரும் உட்கார்ந்திருக்கிறது. தேன்கூடு போன்ற பீங்கான், அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. கார்பன் மோனாக்சைடு மாதிரி விஷங்களை ஓரளவு சாதுவாக்கி அனுப்புவது அதன் வேலை. புகைக்கு அது ஒரு தடை என்பதால் அதையே எடுத்துவிட்டு, பெரிய விட்டமுள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயைப் போட்டுவிடுகிறார்கள். கம்ப்யூட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியாதபடி ட்யூனும் செய்து தருகிறார்கள். குழாய்க்கும் ட்யூனுக்கும் சேர்த்து 85,000 ரூபாய்.

கன்வர்ட்டரை எடுக்காதே என்று அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "கழற்றுகிற பழைய குழாயை வீட்டுக்குக் கொண்டு வந்துவிடு" என்று மட்டும் சொன்னேன். புது பாகம் வேண்டுமென்றால் பழையதை ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும் என்பது ரயில்வே பழக்கம். கடையில் பழையதை விட்டுவிட்டால் விலையில் குறைக்கிறோம் என்றார்களாம். உள்ளே இருக்கிற பிளாட்டினத்துக்காக அதற்குத் தனிச் சந்தையே உண்டு. நல்லவேளை, பையன் கேட்கவில்லை. கோணியில் சுற்றிப் பரணில் போட்டான்.

மாற்றிக்கொண்டு வந்த முதல் ராத்திரியை நான் மறக்க மாட்டேன். இரண்டாம் ஷிப்ட் முடிந்து அவன் வர நள்ளிரவு தாண்டிவிடும். சிங்கப்பெருமாள் கோயில் வழியாக ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்து, லாரிகளுக்கு நடுவே வர வேண்டும். அவன் வந்து பக்கத்தில் நிற்கும்வரை வந்தது எனக்குத் தெரியாது. அன்றைக்குத் தெருமுனையில் திரும்பும்போதே கேட்டது. காதில் கேட்டது என்பதைவிட விலா எலும்பில் கேட்டது என்பதே சரி. பையன் வந்துவிட்டான் என்று கண்ணை மூடிக்கொண்டே தெரிந்துகொண்டேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, யாரும் சொல்லாமல் நானே கேட்டுத் தெரிந்துகொண்ட சமாச்சாரம் அது. அந்த வாரம் முழுக்க நன்றாகத் தூங்கினேன்.

முதல் ஷிப்ட் வாரத்தில் காலை 5 மணிக்குக் கிளம்புவான். குளிர்ந்த இன்ஜின் முதல் ஒரு நிமிஷம் வேகமாகச் சுற்றும். கன்வர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்கத்தான் அந்த ஏற்பாடு. எங்கள் வண்டியில் கன்வர்ட்டரே இல்லை, ஆனாலும் அது கடமை தவறாமல் உறுமியது. காபி டம்ளரோடு வாசலில் நின்று ரசிப்பேன். புகையில் லேசாக ஒரு காரநெடி வரும். ஷெட் வாசனை என்று அதையும் ரசித்தேன்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் சாப்பிடும்போது என் மனைவி சொன்னாள். எதிர்வீட்டு டீச்சரம்மாவின் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், குழந்தைக்கு நாற்பது நாள்கூட ஆகவில்லை, எங்கள் வண்டி கிளம்பும்போதெல்லாம் தூக்கிப்போட்டு அழுகிறது, புகை நேரே அந்த அறை ஜன்னலுக்குப் போகிறது. டீச்சரம்மா இவளிடம் மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. "சார்கிட்ட சொல்லாதீங்க, சங்கடப்படுவார்" என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்.

"ஏன் முன்னாடியே சொல்லலை?" என்றேன்.

"நீங்க டம்ளரோட நிக்கறதப் பார்த்தா எனக்குச் சொல்ல வாய் வரல. உங்களுக்குக் கேட்குது, இனிக்குது. தெருவுல மத்தவங்களுக்கெல்லாம் முழுக் காது."

அதற்கு மேல் சாதம் இறங்கவில்லை.

பொத்தேரிப் பக்கத்திலிருந்து சைலன்சரைக் கழற்றிய பைக்குகள் போகும்போது இந்தக் காலத்துப் பிள்ளைகளைத் திட்டுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். சட்டமும் தெரியாததில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி தயாரிப்பாளர் குறித்த அமைப்பை இஷ்டப்படி மாற்றக் கூடாது. சத்தம், புகை வரம்பை மீறினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோகூட உண்டு. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. அடுத்த வீட்டுப் பிள்ளை என்றால் இத்தனையும் எனக்கு ஞாபகம் வந்திருக்கும்.

சின்னவனிடம் நானே சொன்னேன். முகம் சுண்டிவிட்டது. "அப்பா, உங்களுக்குப் பிடிச்சிருக்குன்னுதான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். அவனும் என்னைக் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து கோணி இறங்கியது. தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் போனோம். புது கேஸ்கட் போட்டு, ஆக்சிஜன் சென்சாரை மரை கெடாமல் பழைய இடத்தில் முறுக்கி, இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிட்டார். நான் டார்ச் பிடித்தேன். ட்யூனையும் கம்பெனி நிலைக்கே திருப்பியாயிற்று. அன்று சாயங்காலம் டீச்சரம்மா வீட்டுக்குப் போனேன். அவர் குழந்தையைக் கொண்டு வந்து என் மடியில் போட்டுவிட்டு வேறு என்னென்னவோ பேசினார். பாதி புரியவில்லை.

பெரிய குழாய் இப்போது பரணில் அதே கோணியில் இருக்கிறது. விலைக்குக் கேட்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் தடத்தில் மட்டும் ஓட்டுகிற ஆள் யாராவது வந்தால் கொடு, தெருவில் ஓட்டுகிறவனுக்கு வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சோழவரத்தில் பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் நடந்த காலத்தில் ஒருமுறை நானும் போய் வாய் பிளந்து நின்றவன்தான். சத்தத்தின் மேல் எனக்கு விரோதம் இல்லை.

இந்த வாரம் இரண்டாம் ஷிப்ட். வாசல் விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, கேட் கம்பி மேல் ஹெட்லைட் வெளிச்சம் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று அப்படியே தூங்கிப்போய்விட்டேன். அவன்தான் தோளைத் தொட்டு எழுப்பி உள்ளே கூட்டிப்போனான்.