சுருக்குப் பை

"வரலாம். ஆனால் பேசக் கூடாது" என்று முன்பே சொல்லிவிட்டாள். அதனால் பிற்பகல் மூன்று மணியிலிருந்து மறுநாள் விடியும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

திருநெல்வேலி மாவட்டம், ராதாபுரம் வட்டாரத்துச் செம்மண் காடு. காடு என்றதும் தலைக்கு மேல் கிளை கூடிய இடம் என்று நினைத்துவிட வேண்டாம். குடை விரித்தாற்போல உடை மரங்கள், நடுநடுவே பனை, மற்றபடி முழங்கால் உயரத்துக்கு முள். அதற்கெல்லாம் மேலே காற்றாலைகள். ஐப்பசி மழை இரண்டு பெய்து ஓய்ந்திருந்தது. ஆடிக் காற்று போய்விட்டதால் பாதி இறக்கைகள் சும்மா நின்றன. இருட்டியதும் கோபுரங்கள் மறைந்து, உச்சியில் இருக்கும் சிவப்பு விளக்குகள் மட்டும் அணைந்து அணைந்து எரிந்தன.

அவளுக்கு முப்பது வயது இருக்கலாம். முழுக்கைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பென்சில். பேனா கிடையாது, பனியில் மை கலங்கிவிடும். நெற்றி விளக்கின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தாள். இரவில் நடமாடும் உயிர்களின் கண்ணைச் சிவப்பு வெளிச்சம் அவ்வளவாக உறுத்தாது. கூட வந்தவர் ஆடு மேய்ப்பவர். அவரை அவள் அண்ணாச்சி என்கிறாள். அவர் "எம்மா" என்கிறார்.

காட்டுயிர் ஆய்வு என்றால் புலி, யானை, ஜீப்பு என்றுதான் நமக்குப் பழக்கம். இவள் தேடி வந்தது இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற முள்ளெலியை.

விளக்கடித்துத் தேடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ இருந்த விளக்கையும் அணைத்துவிட்டு நின்றாள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். கொசு என் காதைச் சுற்றியது. அண்ணாச்சி ஒரு விரலை நீட்டினார். சருகில் சரசரப்பு. பாம்பாக இருந்தால் சத்தம் நீளமாக இழுபடும். இது விட்டுவிட்டு வந்தது. கொஞ்சம் நடை, கொஞ்சம் கிண்டல், மறுபடி நடை.

"மூக்கால கிண்டுது" என்றார் அண்ணாச்சி, பாதிக் குரலில்.

சிவப்பு வெளிச்சம் விழுந்தபோது அங்கே விலங்கு எதுவும் இல்லை. ஒரு முள்பந்து இருந்தது. அவள் மணிக்கட்டைப் பார்த்து நோட்டில் 9.40 என்று எழுதிவிட்டு, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். தொடவில்லை, குச்சியால் உருட்டவில்லை. நானாக இருந்தால் உருட்டியிருப்பேன்.

உட்கார்ந்திருந்த நேரத்தில், முந்தைய வாரம் அவள் சொல்லியிருந்ததெல்லாம் நினைவுக்கு வந்தன. பெயரில்தான் எலி. உறவுமுறை பார்த்தால் பிள்ளையார் வாகனமான மூஞ்சூறுதான் இதற்குக் கிட்டத்துச் சொந்தம். உடம்பெல்லாம் முள்ளாக இருந்தாலும் முள்ளம்பன்றிக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. முள்ளம்பன்றிதான் உண்மையில் எலிக் கூட்டத்தைச் சேர்ந்தது. தமிழில் பெயர் வைத்தவர்கள் இரண்டையும் மாற்றி வைத்துவிட்டார்கள் என்று சிரிப்பாள். 1851-இல் தாமஸ் ஹார்ஸ்ஃபீல்டு லண்டனில் இதற்கு லத்தீனில் பெயரிட்டபோது, வயிற்றில் ரோமம் குறைவாக இருப்பதைப் பார்த்து 'வெறும் வயிற்றுக்காரன்' என்று பொருள்படச் சூட்டினார். ஆங்கிலத்தில் மெட்ராஸ் என்ற ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது.

இது சுருளும் விதம்தான் எனக்குப் பிடித்தது. உடம்பின் விளிம்பைச் சுற்றி வளையமாக ஒரு தசை ஓடுகிறது. ஆபத்து என்றால் அது இறுகும். தலை, கால், வால் எல்லாம் உள்ளே போக, முள் தோல் மேலே மூடிக்கொள்ளும். வெற்றிலை பாக்கு வைத்திருக்கும் பாட்டியின் சுருக்குப் பைக்கு எந்த வேலைப்பாடோ அதே வேலைப்பாடு. நரி வந்து முகர்ந்து பார்த்து, மூக்கில் குத்து வாங்கிக்கொண்டு போகும். கீரிக்கும் அநேகமாக அதே கதிதான். நீள நகம் உள்ள கொம்பன் ஆந்தை மட்டும் கொஞ்சம் கெட்டிக்காரன்.

9.54. பையின் வாய் நெகிழ்ந்தது. முதலில் ஈர மூக்கு, பிறகு மை தீட்டிய முகமூடி போல ஒரு கருத்த முகம். உச்சந்தலையில் முள் இல்லாமல் நடுவே ஒரு கோடு. வகிடு எடுத்துத் தலை வாரிவிட்டது போல இருந்தது. பதினான்கு நிமிடக் காத்திருப்புக்கு அந்த வகிடு போதும்.

அதற்குப் பிறகு அவள் கை வேகமானது. தோல் கையுறை, துணிப் பை, தொங்கு தராசு. பையின் எடை போக 215 கிராம். பின்னங்காலை அளந்தாள், ஆணா பெண்ணா பார்த்தாள். பையில் அது போட்டிருந்த எச்சத்தைச் சின்ன டப்பாவில் வழித்துக்கொண்டாள். உலர வைத்து லென்ஸில் பார்த்தால் வண்டின் இறக்கை ஓடும் எறும்பின் தலையும் தெரியுமாம். கடைசியாக நகப்பூச்சுக் குப்பியை எடுத்து முதுகில் மூன்று முள் நுனிகளில் மட்டும் மஞ்சள் தொட்டு வைத்தாள். அவள் நகத்தில் பூச்சு இல்லை. ஊதி உலர்த்தி, எடுத்த இடத்திலேயே விட்டாள். ஒரு முழம்கூடத் தள்ளி விடவில்லை.

மறுபடி கண்ணில் பட்டால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். படாவிட்டால் செத்தது என்றும் சொல்வதற்கில்லை, இடம் மாறியது என்றும் சொல்வதற்கில்லை. எத்தனை பிழைக்கின்றன என்ற கணக்கே, குறி வைத்து விட்டவற்றைத் திரும்பத் திரும்பச் சந்திப்பதில்தான் இருக்கிறது. நள்ளிரவு வாக்கில் அகப்பட்ட இரண்டாவது ஒரு குட்டி. எடை மட்டும் பார்த்து விட்டுவிட்டாள். மூன்றாவதின் முதுகில் வெளிறிப்போன நீலப் பொட்டு இருந்தது. பழைய நோட்டைப் புரட்டினாள். அந்த இரவில் அவள் சிரித்தது அப்போது ஒருமுறைதான்.

பகலில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஆய்வில் பாதி பகலில்தான் நடக்கிறது, அதுவும் திண்ணைகளில்.

அந்த வீட்டின் பனங்கையில் முள்ளெலித் தோல் ஒன்று விரித்து ஆணியடிக்கப்பட்டிருந்தது. கீழே ஆச்சி வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள்.

"இது எந்தப் பக்கம் கிடைச்சது ஆச்சி?"

"எம் மாமியா காலத்துத் தோலு. புள்ளைகளுக்குக் கக்குவான் வந்தா ரெண்டு முள்ளக் கல்லுல உரசி, தேன்ல கொழச்சு நாக்குல தடவுவோம்."

"இப்பவும் தடவுறீங்களா?"

"இப்பதான் ஊசி போடுதாகளே. ஆனா கேட்டு வருவாக. இல்லன்னா சொல்ல முடியும்?"

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. கக்குவானுக்குமான முத்தடுப்பு ஊசி 1978-லேயே அரசுத் திட்டமாகிவிட்டது; இன்னும் எதற்கு இந்தத் தோல் என்று ஒரு சொற்பொழிவே தொண்டைவரை வந்தது. அவள் என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். சொற்பொழிவு உள்ளே போய்விட்டது. இந்த முள் மருத்துவத்தையும் அதற்காக நடக்கும் வியாபாரத்தையும் பற்றி பிராவின் குமாரும் வின்சென்ட் நைமனும் 2016-இல் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். அவளுக்கு அது தெரியாததல்ல. ஆனால் அவள் அடுத்துக் கேட்டது வேறு.

"முன்னெல்லாம் எங்க பாப்பீங்க?"

"அந்தக் காலத்துல வெளிய எறங்குனாலே காலுல இடறும். வெறகு அடுக்குக்குள்ள கெடக்கும். இப்ப எங்க? உடங்காட்ட வெட்டிக் கல்லு நட்டுட்டானுவ."

பென்சில் ஓடியது. எந்த வருஷம் கல் நட்டார்கள், அதற்கு முன் கடைசியாகப் பார்த்தது பேத்தி பிறப்பதற்கு முன்பா பின்பா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இந்தப் பிராணியைப் பழைய நாளில் யாரும் எண்ணி வைத்த ஏடு அவள் கையில் இல்லை. ஆச்சியின் நினைவுதான் ஏடு. ஆச்சியைத் திட்டிவிட்டால் அந்த ஏடு மூடிக்கொள்ளும். படித்தவர்கள் பலருக்கு இது புரிவதில்லை, எனக்கும் அன்றுதான் புரிந்தது. எழுந்து வரும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்: "இது தீந்துட்டா புதுசு வாங்கிராதீங்க ஆச்சி." ஆச்சி பொக்கை வாயால் சிரித்தாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இரவு ஒன்றரை மணிக்குத் தார்ச்சாலைக்கு வந்தோம். பைக்கை அண்ணாச்சி தள்ளிக்கொண்டு வர, அவள் ஓரமாகத் தரையைப் பார்த்து நடந்தாள். பகல் வெயிலைக் குடித்த தாரில் சூடு இன்னும் ஆறவில்லை. விளக்கு வெளிச்சத்துக்கு ஈசல் குவிந்திருக்கும், அதைத் தின்ன வண்டும் தவளையும் வரும், அவற்றைத் தேடி இதுவும் வரும் என்று அண்ணாச்சி எனக்குக் கை சாடையாலேயே விளக்கினார். எம்-சாண்ட் லாரி ஒன்று எங்களை உரசிக்கொண்டு போனது.

இருநூறு அடி தாண்டி அவள் நின்றாள்.

ஓடியிருந்தால் ஒருவேளை தப்பித்திருக்கும். ஓடாது. லாரியின் வெளிச்சமும் அதிர்வும் வந்தபோது, நரிக்கு என்ன செய்யுமோ அதைத்தான் செய்திருக்கிறது. நடுச்சாலையில், சுருண்டு.

இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு முட்டி போட்டாள். பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுத்தாள். முதுகில் பூச்சு ஏதும் இருக்கிறதா என்று ஒவ்வொரு முள்ளாக விலக்கிப் பார்த்தாள். இல்லை. நேரம், இடம், பால், 'சுருண்ட நிலை' என்று எழுதினாள். பிறகு ஓர் அட்டைத் துண்டால் அள்ளி, சாலைக்கு வெளியே வெகுதூரம் நடந்து போய் வைத்துவிட்டு வந்தாள். அங்கேயே கிடந்தால் அதைத் தின்ன நாயோ காக்கையோ வந்து அடுத்த வண்டியில் சிக்கும். கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி நடந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சிவப்பு வெளிச்சத்தில் எதுவும் தெரியாது என்பதும் உண்டு.

விடிகிற நேரத்தில் முக்கு டீக்கடையில் பாய்லர் புகைந்துகொண்டிருந்தது. கடைக்காரருக்கு இவளை நன்றாகத் தெரியும் போலிருக்கிறது. கேட்காமலேயே சீனி கம்மியாக ஒரு டீ ஆற்றி நீட்டினார்.

"ராத்திரி எத்தன பாத்தீக?"

"மூணு அண்ணாச்சி" என்றாள்.

நோட்டில் நான்கு வரி இருந்தது.